பசுவுக்கு ஈடாக வந்த லேப்டாப்

முரேவா,
முதல் மழை விழுந்த வாரம், வெள்ளிக்கிழமை.

என் அன்பு மகள் செனாய்க்கு,

நீங்கள் நால்வரும் அங்கே நன்றாக இருந்தால் நாங்களும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீங்கள் நன்றாக இல்லையென்றால் நாங்கள் மட்டும் எப்படி நன்றாக இருப்பது. நால்வரும் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மழை இந்தத் தடவை ஏமாற்றவில்லை, மக்காச்சோளம் விதைத்தாயிற்று, கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது, என் முழங்கால் வலி மழை வருவதற்கு முந்தின நாளே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது, மற்றபடி குறை இல்லை. பேரப்பிள்ளை ருவாரஷே கோயிலில் நின்று வேதம் வாசித்த படத்தை நீ அனுப்பினாயே, அதை வியாழக்கிழமை மாதர் சங்கத்தில் எல்லோருக்கும் காட்டினேன், ஒருத்தி விடாமல், பார்த்தவளுக்கே மறுபடியும் காட்டினேன். சின்னவன் அனேசு நின்றுகொண்டே சாப்பிடுகிறான் என்று கூட வந்த இன்னொரு படத்தில் பார்த்தேன், உட்கார வைத்துச் சாப்பாடு கொடு, நிற்கிறவன் வயிற்றில் சாப்பாடு எங்கே தங்கும். இந்தக் கடிதத்தை லிலியன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவள் பாட்டியின் துக்கத்துக்கு வந்தவள் திங்கட்கிழமை லீட்ஸுக்குத் திரும்புகிறாள். நான் எழுதித் தரட்டுமா அம்மா என்று கேட்டாள், எதற்கு, ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்தைத்தான் வாத்தியார் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் பேச முடியாத விஷயம் இது. போன் பிரிஸ்காவுடையது, உன் தம்பி பெண்டாட்டியை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த போன் பேசினால் கிணற்றடி வரைக்கும் கேட்கிறது.

அப்படிக் கேட்டதால் வந்த வினைதான் எல்லாம். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து எல்லோரும் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது உன் குரல் வந்தது. அம்மா அந்தப் பழைய லேப்டாப்ப இன்னுமா வெச்சிருக்கீங்க, அதத் தூக்கிப் போடுங்க, இல்லன்னா யாருக்காவது குடுத்துடுங்க, கிறிஸ்துமஸுக்குள்ள புதுசா ஒண்ணு அனுப்புறேன் என்று சொன்னாய். செனாய், அது என்ன என்று உனக்கு நினைவு இல்லையா, அல்லது நினைவு இருந்துதான் சொன்னாயா. அது லேப்டாப் இல்லையம்மா, அது என் பசு. உன்னைப் பெற்றதற்காக எனக்கென்று தனியாக வரவேண்டிய பசு. அதைத் தூக்கிப் போடு என்று மகளே சொன்னால், அந்தக் கல்யாணத்தையே தூக்கிப் போடு என்று சொன்னதாகத்தான் இந்த ஊரில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா, அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். உனக்குப் பரிசம் பேச வந்த அன்று நீ சமையல் குடிசைக்குள் சித்தி பெண்களோடு ஒளிந்திருந்தாய், வெளியே நடந்ததை நீ பார்க்கவில்லை. அது மழை பொய்த்த பஞ்ச வருஷம், முடோக்கோவில் சம்பந்தி வீட்டுப் பட்டியில் மாடுகள் எல்லாம் எலும்பாகி விழுந்துவிட்டன. மற்றதெல்லாம் மரத்தட்டில் முறையாக வந்தது, என் பசு மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார், அவரிடம் இருந்தது ஒரே ஒரு பொருள்தான், அதை வைத்துத்தான் படித்தார், அதை வைத்துத்தான் பிறருக்கு எழுதிக் கொடுத்துச் சாப்பிட்டார். அதை அவர்கள் பக்கத்துத் தூதுவர் தட்டில் வைத்து, பசு வர்ற வரைக்கும் இது அம்மாவோட பட்டியில நிக்கட்டும் என்றார். உன் பெரியப்பா விடுவாரா. இது எந்தத் தீனி திங்கும், எத்தன படி பால் குடுக்கும், சினை புடிக்க யாருகிட்ட ஓட்டிட்டுப் போறது என்று கேட்டார். தூதுவர் அசரவில்லை, கரண்ட்டுதான் திங்கும் பெரியவரே, ஆனா சாணி போடாது, வேலியத் தாண்டி அடுத்தவன் சோளத்த மேயாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் பசுவை ஏற்பதும் மறுப்பதும் அம்மாவின் வாய்தான், வேறு யாருக்கும் அதில் பேச்சு கிடையாது, நான் வேலிக்கு வெளியே தலை குனிந்து உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தேன், தன் உயிரையே கொண்டுவந்து வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார், கைகுவித்துத் தட்டி ஏற்றுக்கொண்டேன். மாட்டுக்கு வைப்பதுபோல் அதற்கு ஒரு பெயரும் வைத்தேன், பேசி அலுப்பீர்கள் என்று. யாருக்காக அந்தப் பெயர் என்பது உன் பெரியப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பேசி அலுப்பீர்கள் இந்த வீட்டுக்குச் செய்ததைப் பால் கணக்கில் சொல்ல முடியாது. உன் கல்யாணப் படத்தை எத்தனை வீட்டார் வந்து பார்த்தார்கள். மாதர் சங்கத்துக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது அதுதான், பக்கத்துக் கோயில்காரிகள் வாய்பிளக்க நாங்கள் போட்டியில் ஜெயித்தது அதனால்தான். சிவப்பு நூலில் பூப்பின்னல் விரிப்பு ஒன்று பின்னி, தூசி படாமல் அதன்மேல் போட்டு வைத்தேன், கண்ணாடி அலமாரிக்குக்கூட நான் அப்படிப் பின்னவில்லை. அப்புறம் அதற்கும் வயசாகிவிட்டது. மூடியின் ஒரு பக்கக் கீல் உடைந்தது, கம்பிபோட்டுக் கட்டினேன். நான்கு எழுத்து உதிர்ந்து போனது. பேட்டரி செத்துவிட்டது, கம்பி சொருகினால்தான் உயிர் வரும், அதுவும் நான் அமுக்கிவிட்டுப் போய் சட்ஸாக் களி கிண்டி இறக்கி வரும்வரை யோசித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் திறக்கும். நிஜமான பசுவை அனுப்பு என்று நான் உங்களை ஒருநாளும் நெருக்கவில்லை, பசு வந்தால் இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. உன் அத்தைதான் விடமாட்டாள், தாயின் பசு பாக்கி நின்றால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று, அனேசுவுக்குக் காய்ச்சல் என்றால் பசு வரல பாத்தியா என்பாள், உனக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் பசு வரல பாத்தியா என்பாள், எனக்குப் பல் வலித்தாலும் அதேதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் குரல் நின்றதும் முதலில் வாய்திறந்தது பிரிஸ்கா. பழைய இரும்பு வாங்க வர்றவன் இதுக்குப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ரெண்டு குடுப்பான் அத்த, துணி நனைக்க ஆகும் என்றாள். நீ வளர்ந்த வீட்டில் இப்படியும் ஒரு யோசனை. பெரியப்பா கையில் இருந்த கூழ்க் குவளையை வைத்துவிட்டார். செனாய் அம்மா, உம்பொண்ணுக்கு மறந்துபோச்சுன்னு நெனைக்கிறியா, இது மறக்கிற விஷயமா, புத்திசாலிப் பொண்ணு, வாயால சொல்ல முடியாதத இப்படிச் சொல்லுது என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார், மாதம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருகிறார் என்று அங்கிருந்து வந்தவர்கள் யாரோ சந்தையில் சொல்லியிருக்கிறார்கள். நீயும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமையாக அவர் பேரை எடுக்கவில்லை. பிள்ளைகள் சளி, பனி, பஸ், உன் இரவு வேலை எல்லாம் சொல்கிறாய், அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை. மகளின் குடித்தனத்தைப் பற்றித் தாய் கேட்கக் கூடாது, அத்தைதான் கேட்க வேண்டும், அதுதானே முறை. ஆனால் உன் அத்தையோ, போன தடவை நீ அனுப்பிய பொட்டலத்தில் அவளுக்கு வந்த செருப்பு இரண்டும் இடது காலுக்கே வந்ததால், அவ முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஆக கேட்க வேண்டியவள் கேட்கவில்லை, கேட்கக் கூடாதவள் தூங்கவில்லை.

நான் யோசித்து முடிப்பதற்குள் பெரியப்பா முடித்துவிட்டார். அந்த வியாழக்கிழமை நான் சீருடைச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மாதர் சங்கத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மேஜைமேல் விரிப்பு மட்டும் தட்டையாகக் கிடந்தது. பிரிஸ்காவைக் கேட்டால், பெரியமாமா வந்து புது வெள்ளைத் துணியில சுத்தி, ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டு முடோக்கோ பஸ் ஏறிட்டாரு, நான் தொட்டி வாங்கத்தான் எடுத்துட்டுப் போறாருன்னு நெனச்சேன் என்றாள். அவர் நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளே வரச்சொன்னால் வரவில்லை, தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை, வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அந்த வெள்ளை மூட்டையை வைத்து, எங்க பொண்ணு உங்க பசுவ வேண்டாங்குது, எடுத்துக்குங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். சம்பந்தியம்மா வைத்த ஒப்பாரியில் அக்கம்பக்கத்தார் யார் செத்தார்கள் என்று கேட்டு ஓடி வந்தார்களாம், ஒருவர் சவப்பெட்டிக்கு ஆள் அனுப்பட்டுமா என்றுகூடக் கேட்டாராம். எம்புள்ள என்ன தப்பு செஞ்சான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க என்று சம்பந்தி பஸ் நிற்கிற இடம்வரை பின்னாலேயே வந்தாராம். பெரியப்பாவுக்கு என்ன தெரியும் சொல்ல, விறைப்பாகவே நின்றிருக்கிறார். இவ்வளவு பேரில் ஒருவராவது உன்னையோ மாப்பிள்ளையையோ நேராகக் கேட்டார்களா என்றால் இல்லை. பிள்ளைகளிடம் போய் இதை எப்படி நேராகக் கேட்பது, வெட்கமில்லையா என்றார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது, சரியில்லை என்றும் பட்டது.

அடுத்த சனிக்கிழமை காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. பின்னால் பசு. நெற்றியில் வெள்ளை, உடம்பெல்லாம் காய்ந்த புகையிலை நிறம், காலடியில் பால் குடிக்கும் கிடாரிக்கன்று வேறு. முன்னால் டிரைவர் பக்கத்தில் சம்பந்தி, அவர் மடியில் அந்த வெள்ளை மூட்டை, குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இறங்கி வேலிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து மரியாதைக்குக் கைகுவித்துத் தட்டினார். சம்பந்தியம்மா, மழ இல்லாத வருஷத்துல வாக்குக் குடுத்தோம், அதுக்கப்புறம் மழ வந்துச்சு, நாங்கதான் வரல, பிள்ளைங்க வெளிநாடு போயிட்டாங்க, இனி யாரு கேக்கப்போறாங்கன்னு இருந்துட்டோம், அந்தத் தப்பு எங்களோடது, அதுக்காக அவங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப்புடாதீங்க என்றார். அந்தப் பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்து என்னிடம் அப்படிக் கேட்டது எனக்கு இன்னும் நெஞ்சில் குத்துகிறது, செனாய். நான் பிரிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது, நீ பிரியவில்லை என்று எனக்கே தெரியாதபோது. உள்ளே கூப்பிட்டுக் கோழி அடித்துச் சாப்பாடு போட்டேன். அத்தை வந்தாள், பசுவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், மடியைத் தடவிப் பார்த்தாள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல், வால் கொஞ்சம் குட்டை என்றாள். பெரியப்பாவுக்குப் பேச்சு வர மதியம் ஆயிற்று, அப்புறம் வந்தது பார், பாத்தீங்களா, நான் ஒரு பஸ் ஏறினேன், பசு லாரி ஏறிடுச்சு என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

ஆக இப்போது பசுவும் என் வீட்டில், பசுவுக்கு ஈடாக வந்ததும் என் வீட்டில். முன்பு ஒரு குழப்பம், இப்போது இரண்டு. லேப்டாப்பைச் சம்பந்தியிடமே திருப்பிக் கொடுத்தேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், வெள்ளத் துணியில சுத்தி வாசலுக்கு வந்தத மறுபடியும் வீட்டுக்குள்ள கொண்டுபோனா எங்க வீட்டுக்காரி தூங்கமாட்டா என்றார். பெரியப்பா, ஈடு மீண்டாச்சு, அது மாப்பிள்ளையோட சொத்து, நாம தொடக் கூடாது என்கிறார், தொட்டு முடோக்கோ வரைக்கும் தூக்கிப்போனது யார் என்று நான் கேட்கவில்லை. ஒரு பொண்ணுக்கு ரெண்டு பசு வாங்கினவன்னு உன்னச் சொல்லுவாங்க, வீட்டுல வெச்சுக்காத என்கிறாள் அத்தை. ஹராரேயில் இருந்து வந்த உன் தம்பி லவ்மோர், இத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா, உள்ள இருக்குற படத்த மட்டும் எடுத்துக்கலாம் என்று ஒரு பென் டிரைவைச் சொருகி எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தான், விரல் நீளம்கூட இல்லை. அதைப் பார்த்து அத்தை, பதினோரு வருஷமா மலடுன்னு நெனச்சோம், கடைசியில கன்னு போட்டுடுச்சே, கன்னும் உனக்குத்தான், வெச்சுக்க என்று சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள், செருப்புக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிரிஸ்கா இன்னும் தொட்டியில்தான் நிற்கிறாள். எல்லோர் சொல்வதும் கேட்கும்போது சரியாக இருக்கிறது, அவர்கள் போனதும் தப்பாகிவிடுகிறது.

லவ்மோர் போனபிறகு நான் அதைத் தனியாகத் திறந்து பார்த்தேன். பஸ்ஸிலும் லாரியிலும் குலுங்கி வந்ததில் இனித் திறக்காது என்று நினைத்தேன், திறந்தது. அதன் முகப்பில் ஒரு படம் இருக்குமே, காலேஜ் படிக்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் ஒரே ஒரு சுட்ட சோளக்கதிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஒரு முனை உன் கையில், ஒரு முனை அவர் கையில், இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். எத்தனை தடவை பார்த்தும் நீ அதை அவருக்குக் கொடுக்கிறாயா, அவரிடமிருந்து பிடுங்குகிறாயா என்று எனக்குத் தெரிந்ததில்லை. முன்பெல்லாம் அது தெரியவேண்டும் என்று தோன்றியதே இல்லை. இப்போது அடுப்பைக்கூட மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், சட்ஸா அடிபிடித்துவிட்டது.

அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். வந்த பசுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அம்மாவின் பசுவுக்கு அம்மாதான் பெயர் வைக்க வேண்டும், ஆனால் இதற்கு நீ வை. நம் ஊரில் மாட்டுக்கு வைக்கிற பெயரில் வீட்டுக்காரர் மனதில் உள்ளது எல்லாம் வந்துவிடும், உனக்குத் தெரியாததா. பிரிஸ்கா போனுக்கு அந்தப் பெயரை மட்டும் அனுப்பு, கிணற்றடி வரைக்கும் கேட்டாலும் பரவாயில்லை, எல்லோருக்கும் அது மாட்டின் பெயர், எனக்கு மட்டும் அது உன் பதில். நான் கேட்கக் கூடாததைக் கேட்டதாகவும் இருக்காது, நீ சொல்ல முடியாததைச் சொன்னதாகவும் இருக்காது. நீங்கள் இருவரும் ஒன்றாகத்தான் இருக்கிறீர்கள், உனக்கு மறதிதான், வேலைக்காகத்தான் அவர் வேறு ஊரில் என்றால் அதற்குத் தக்க பெயர் இருக்கிறது. அப்படியென்றால் இந்த லேப்டாப் இங்கேயே விரிப்புக்குக் கீழே காத்திருக்கும், நீங்கள் இருவரும் பிள்ளைகளோடு வந்து, மாப்பிள்ளை வேலிக்கு வெளியே உட்கார்ந்து, என்னிடம் கைதட்டிக் கேட்டுத் தன் பொருளை வாங்கிக்கொள்ளட்டும், அவர் கையில்தான் கொடுப்பேன், வேறு யார் கையிலும் இல்லை. அப்படி இல்லையென்றால், அதற்கும் பெயர் இருக்கிறது. அப்போது பசுவையும் கன்றையும் நானே ஓட்டிக்கொண்டுபோய் முடோக்கோவில் விட்டுவருவேன், பெரியப்பாவை அனுப்பமாட்டேன், அந்த மனிதரிடம் நான் நேராக நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். நீ எந்தப் பெயர் அனுப்பினாலும் நீ என் மகள்தான், இந்த வீட்டுக் கதவு உனக்கு எப்போதும் உட்பக்கமாகத்தான் திறக்கும், அதற்காகப் பயந்து பொய்ப் பெயர் வைத்துவிடாதே.

கடவுள் உன் இரவு வேலைக்கும் பகல் தூக்கத்துக்கும் காவல் இருக்கட்டும், ருவாரஷே குரல் இன்னும் ஓங்கட்டும், அனேசு உட்கார்ந்து சாப்பிடட்டும், அவர்களிடம் நம் பேச்சிலேயே பேசு. மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், அவர் எந்த ஊரில் இருந்தாலும். லிலியனிடம் கடலை விழுது இரண்டு டப்பாவும் காயவைத்த காராமணிக் கீரையும் கொடுத்திருக்கிறேன், பெரிய டப்பாவின் மூடி அத்தையுடையது, மறக்காமல் திருப்பி அனுப்பு, செருப்போடு சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது, வலது கால் ஒன்று, இடது கால் ஒன்று. பெயரைச் சீக்கிரம் அனுப்பு. அது வரும்வரை பசுவில் பால் கறக்க எனக்கு மனம் வரவில்லை, எல்லாவற்றையும் கன்றே குடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், நன்றாகக் கொழுத்துவிட்டது.

இப்படிக்கு,
ஊரார் உன் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிற,
செனாயின் அம்மா.